டாக்டர் ராதாகிருஷ்ணனும் அன்னாரின் நேசர்களும்

சென்னையிலிருந்து அரக்கோணத்தைக் கடந்து ரேணிகுண்டா மார்க்கமாக ரயிலில் சென்றவர்கள் திருத்தணி மலையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அரக்கோணத்திலிருந்து சற்றேறக்குறைய 13 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சிற்றூர் அது. மலைமேல் முருகன் கோயில் இருக்கிறது. ஆண்டின் நாட்களைக் கணக்கிட்டது போல் அங்கே ஏறிப் போக 365 படிகள் இருக்கின்றன. ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து வரும் கூட்டத்தால் ஊரே நிறைந்து விடும். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். யார் வீட்டில் எந்த மொழி என்று வெளியூரார் கண்டுபிடிப்பது சிரமம். 1911 முதல் சித்தூர் ஜில்லாவில் இருந்த இந்தத் தாலுகா, எல்லைப் போராட்டமும் பேச்சு வார்த்தைகளும் நடந்த பிறகு, 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது.

அந்த ஊரில் 1888 செப்டம்பர் 5-ல் பிறந்த ஒரு பிள்ளை பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியானார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் கூட அறிவார்கள். ஆசிரியர் தினம் அவருடைய பிறந்த நாளில்தான் கொண்டாடப்படுகிறது. ஆயினும் டாக்டர் ராதாகிருஷ்ணனின் பதவிகளையும் பட்டங்களையும் சொல்லுவதற்காக நாம் இதை எழுத முற்படவில்லை. இந்து சமயத் தத்துவ ஞானி ஒருவரைப் பற்றி இந்தப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

கலப்பு ஊர்களில் வாழும் நம் வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. மாற்றுச் சமயத்தாரோடு எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதே அது. நெருங்கினால் நம்முடைய மார்க்கப் பற்று கரைந்து விடும் என்று அஞ்சுவோர் ஒரு சாரார். நெருங்குவதென்றால் கருத்து வேற்றுமைகளையெல்லாம் வாயைத் திறந்து பேசாமல் விழுங்கிவிட வேண்டும் என்று எண்ணுவோர் மற்றொரு சாரார். இரு சாராருமே ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். கருத்து ஒத்திருந்தால்தான் நேசம் ஏற்படும் என்று இருவரும் நம்புகிறார்கள். இது எவ்வளவு தூரம் மெய் என்பதைத் திருத்தணியில் பிறந்த இந்த மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம் என்று நாம் கருதுகிறோம். அந்த வாழ்க்கையின் பிற்பகுதியில் நம் சமுதாயத்துப் பெருமகன் ஒருவரும் வருகிறார்.

தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பம். குடும்பப் பெயராகிய சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊரின் பெயர். தகப்பனார் வீராசாமி ஒரு ஜமீனில் சாதாரண வருவாய்த்துறை உத்தியோகத்தில் இருந்தவர். தாயார் சீதம்மா. வருமானம் போதாத வீடு. பையன் படிப்புக்காக உபகாரச் சம்பளத்தைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. திருத்தணியில் ஆரம்பப் படிப்பு. பிறகு திருப்பதியில் ஜெர்மன் லூத்தரன் மிஷன் பள்ளிக்கூடம், அப்புறம் வேலூர் ஊரிஸ் கல்லூரி, அதன்பின் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. ஆக, ஓர் இந்துப் பையன் தன் இளமைப் பருவத்தின் பெரும் பகுதியைக் கிறிஸ்தவப் பாதிரிமார்களின் வகுப்பறைகளில் கழித்திருக்கிறான். தத்துவப் பாடத்தை அவர் எடுத்ததற்குக் கூடப் பெரிய இலட்சியம் ஏதும் காரணமில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களை இனாமாகக் கொடுத்தார். கையிலே புத்தகம் இருக்கிறது, வாங்கப் பணமில்லை, எனவே தத்துவம்!

கிறிஸ்தவக் கல்லூரி அக்காலத்தில் தாம்பரத்தில் இல்லை, சென்னை நகரின் நடுவே இருந்தது. அங்கே பாடம் சொல்லித் தந்த மிஷனரிமார்கள் கல்விமான்கள்தாம். ஆனால் இந்து சமயத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்று வகுப்பில் கூசாமல் சொல்லுவார்கள். இளைஞர் ராதாகிருஷ்ணனுக்கு அது நெஞ்சில் தைத்தது. அவர் வகுப்பை விட்டு வெளியேறவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காரவும் இல்லை. 1908-ல் எம்.ஏ. பட்டத்திற்காக எழுதிய ஆய்வுக் கட்டுரையையே அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாக அமைத்து விட்டார். வேதாந்தத்தில் ஒழுக்கவியல் உண்டு என்பதே அதன் சாரம்.

தன் கருத்தை மறுத்து எழுதிய அந்த மாணவனைப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் என்ன செய்தார்? அவர் ஸ்காட்லாந்து தேசத்து மிஷனரி. மாணவனுடைய ஆராய்ச்சித் திறனையும், சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் ஆற்றலையும் பாராட்டி நற்சான்று எழுதிக் கொடுத்தார். ஹாக் தம் மதத்தை விடவில்லை, மாணவரும் தம் மதத்தை விடவில்லை. மாறுபட்ட கருத்தை மரியாதையோடு, ஆதாரத்தோடு எடுத்து வைத்தால், அதைக் கேட்பவர் பெரிய மனசுக்காரராகவும் இருந்தால், அந்த இடத்தில் ஓர் உறவு முளைக்கிறது. ராதாகிருஷ்ணனுடைய நட்புகளில் பல இப்படித்தான் முளைத்திருக்கின்றன என்பது அவர் வரலாற்றைப் படிக்கப் படிக்கத் தெரிய வருகிறது.

காந்திஜியோடு ஏற்பட்ட முதல் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். 1909-ல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் வேலைக்கு அமர்ந்திருந்த ராதாகிருஷ்ணன், 1915-ல் ஜி. ஏ. நடேசன் இல்லத்தில் காந்திஜியைக் கண்டார். காந்திஜி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த வருஷம் அது. பால் சாப்பிட வேண்டாம், அது மாட்டிறைச்சியின் சத்து என்று காந்திஜி அறிவுரை சொன்னார். அப்படியானால் தாய்ப்பால் குடித்த நாமெல்லாரும் மனித மாமிசம் தின்றவர்களா என்று இளம் பேராசிரியர் கேட்டார். பேச்சு வைத்தியத்தைப் பற்றித் திரும்பியது. காட்டிலே வைத்தியர் இல்லாமலே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிறக்கின்றனவே என்றார் காந்திஜி. ஆயிரக்கணக்கில் இறக்கவும் செய்கின்றன என்றார் இவர். அது உமக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்க, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று இவர் திருப்பிக் கேட்டார். இவர் தர்க்க சாஸ்திரப் பேராசிரியர் என்பது தங்களுக்குத் தெரியாதா என்று நடேசன் குறுக்கிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

முதல் சந்திப்பிலேயே இப்படி வாதம் நடந்தால் நம்மில் பலர் மறுமுறை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம். ஆனால் அந்த உறவு முறியவில்லை. காந்திஜிக்கு 70 வயது நிறைந்த 1939-ல், உலகத்து அறிஞர்களிடமெல்லாம் கட்டுரை கேட்டு வாங்கி, அவருக்கு ஒரு மலரைத் தொகுத்து அளித்தவர் ராதாகிருஷ்ணன்தான். 1942 ஜனவரியில் காசி இந்துப் பல்கலைக் கழகத்தின் வெள்ளி விழாவுக்கு இவர் அழைத்தபோது காந்திஜி வந்தார். 1915-க்கும் 1942-க்கும் இடையில் 27 ஆண்டுகள். அவசரப்படுவோர் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

1918-ல் ராதாகிருஷ்ணன் மைசூர் மகாராஜா கல்லூரிக்குப் போனார். வெள்ளைத் தலைப்பாகை, நீண்ட கோட்டு, மூக்குக் கண்ணாடி. கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் தத்துவத்தைக் கதை போல் சொல்லிக் கொண்டு போவார். மூன்றே ஆண்டுகள்தாம் அங்கே இருந்தார். 1921-ல் கல்கத்தா பல்கலைக் கழகத்திலிருந்து அழைப்பு வந்து அவர் புறப்பட்ட நாளில் நடந்ததை மைசூர்வாசிகள் வெகு காலம் பேசினார்கள். மாணவர்கள் குதிரை வண்டியை மலர்களால் அலங்கரித்தார்கள். குதிரைகளை அவிழ்த்து விட்டுத் தாங்களே நுகத்தடியைப் பிடித்து, ஆசிரியரை ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள்.

மூன்று ஆண்டுகளில் இவ்வளவு அன்பு எப்படிச் சம்பாதிக்கப்பட்டது? பாடத்தில் கெட்டிக்காரராயிருந்தது மட்டும் போதாது. கெட்டிக்கார ஆசிரியர்களை நாம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம், அவர்களுடைய வண்டியை யாரும் இழுத்ததில்லை. ராதாகிருஷ்ணனின் வீட்டுக் கதவு மாணவர்களுக்குத் திறந்திருந்தது. கல்லூரி மணி அடித்ததும் உறவு முடிந்து போகவில்லை. பெரிய பதவிகளுக்குப் போன பிறகும் அவரிடம் இந்தப் பழக்கம் இருந்தது. படுக்கையில் சாய்ந்தபடியே படிப்பார், எழுதுவார். வந்தவரையும் அங்கேயே அழைத்து உட்காரச் சொல்லிப் பேசுவார். பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவரிடம் மனம் விட்டுப் பேசுவது யாருக்கும் கடினமே. நம் பெரியவர்கள் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நலம் விசாரித்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

எல்லா மாணவரோடும் எல்லாக் காலத்திலும் உறவு இனித்தது என்று சொல்லுவதற்கில்லை. கல்கத்தாவில் இருந்தபோது ஜதுநாத் சின்ஹா என்ற ஆராய்ச்சி மாணவர், தம் ஆய்வேட்டிலிருந்த பகுதிகளைப் பேராசிரியர் தம் நூலில் எடுத்துக் கொண்டு விட்டார் என்று 1929-ல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். இவர் மறுத்தார். வழக்கும் எதிர்வழக்கும் ஆகி 1933-ல் கோர்ட்டுக்கு வெளியே ராஜியில் முடிந்தது. ஒரு பக்கம் மாணவர்கள் தோளால் வண்டி இழுத்தார்கள், இன்னொரு பக்கம் ஒரு மாணவர் கோர்ட்டுப் படி ஏறினார். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் நடந்தவை.

தாகூரோடு உறவு எழுத்தின் மூலம் தொடங்கியது. கவியின் தத்துவத்தைப் பற்றி 1918-ல் ராதாகிருஷ்ணன் ஒரு நூல் எழுதினார், அதைத் தாகூர் வரவேற்றார். 1925-ல் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியத் தத்துவ மகாநாட்டுக்குத் தாகூர் தலைமை தாங்கினார். அதை ஏற்பாடு செய்தவர்களில் இவர் முக்கியமானவர். 1940 ஆகஸ்ட் 7-ம் தேதி ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் தாகூருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. பட்டத்தைச் சுமந்து கொண்டு சாந்திநிகேதனுக்கே சென்ற இருவரில் ஒருவர் இவர். கவி மூப்பினால் தளர்ந்திருந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1941 ஆகஸ்ட் 7-ல், அவர் காலமானார்.

ஆந்திரப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் பதவியையும், ஆக்ஸ்போர்டில் 1936 முதல் வகித்த பேராசிரியர் பதவியையும் பற்றி விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. ஆனால் இந்தப் பயணங்களுக்கு ஒரு விலை இருந்தது. அதை மறைத்து விட்டுப் பெருமைகளை மட்டும் சொன்னால் நாம் உண்மையாய் எழுதியவர்களாக மாட்டோம்.

1903-ல், சிறு பிராயத்திலேயே, தூரத்து உறவினரான சிவகாமு அம்மையாரை அவருக்கு மணம் முடித்து வைத்தார்கள். அம்மையாருக்கு அப்போது பத்து வயதுதான். ஐந்து பெண்களும் ஒரு பிள்ளையும் பிறந்தார்கள். கணவர் ஊர் ஊராகவும் தேசம் தேசமாகவும் போய்க் கொண்டிருக்க, குடும்ப பாரம் முழுவதும் அம்மையார் தலையில் விழுந்தது. வீட்டைப் பார்த்துக் கொண்டவர், பிள்ளைகளை வளர்த்தவர், விரதங்களையும் பூஜைகளையும் விடாமல் நடத்தியவர் அவரே. 1956 நவம்பரில் அவர் காலமானபோது மணவாழ்க்கைக்கு 53 வயது ஆகியிருந்தது. சரித்திரப் பேராசிரியரான மகன் கோபால் 1989-ல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். தந்தை தாயாருக்கு உண்மையாக நடந்து கொள்ளவில்லை என்பதையும், தாயார் அதைப் பொறுத்துக் கொண்டு வாழ்ந்தார் என்பதையும் அந்நூலில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பெற்ற தகப்பனைப் பற்றி ஒரு மகன் அப்படி எழுதியது சரியா என்று அந்த நாளில் பலர் முகம் சுளித்தார்கள். நமக்கோ அது வேறு விதமாகப் படுகிறது. உலகமெல்லாம் போற்றிய தந்தையின் வரலாற்றில் தன் தாய்க்கும் உரிய இடத்தை அந்த மகன் கேட்டு வாங்கியிருக்கிறார். வெளியே நூறு பேரோடு நெருங்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரைத் தூரத்திலேயே வைத்திருந்தார் என்பதைப் படிக்கும் போது நம் வீட்டுப் பெண்மணிகள் என்ன நினைப்பார்களோ, அது அவர்களுடைய உரிமை.

1949-ல் பிரதமர் நேரு இவரை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார். கம்யூனிஸ்ட் நாட்டுக்கு ஒரு வேதாந்தியா என்று பலர் கேலி செய்தார்கள். இவருக்கு முன் அங்கே தூதராயிருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்கு ஸ்டாலினைக் காணும் வாய்ப்பே கிட்டவில்லை. இவருக்கோ 1950 ஜனவரியில் கிரெம்ளினிலிருந்து அழைப்பு வந்தது. யுத்தத்தில் ரத்த வெள்ளத்தைப் பார்த்து மனம் மாறிய அசோக சக்கரவர்த்தியின் கதையை இவர் ஸ்டாலினிடமே சொன்னார். அப்படிப்பட்ட மாற்றம் இங்கேயும் நடக்கலாமே என்பது குறிப்பு. அற்புதங்கள் சில வேளை நடப்பதுண்டு, நானும் ஐந்து வருஷம் பாதிரிமார் பள்ளியில் படித்தவன்தான் என்று ஸ்டாலின் பதில் சொன்னார்.

1952 ஏப்ரலில் விடைபெறப் போனபோது, எல்லோரும் கண்டு நடுங்கிய அந்த மனிதரின் கன்னத்தைத் தட்டி, முதுகைத் தடவி, நலமாயிருக்கும்படி வாழ்த்தினார் ராதாகிருஷ்ணன். தன்னை ஒரு பூதமாக எண்ணாமல் மனிதனாக நடத்திய முதல் ஆள் நீங்கள்தாம் என்று ஸ்டாலின் நெகிழ்ந்ததாக வரலாறு சொல்லுகிறது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்து போனார். 1957-ல் பீக்கிங்குக்குச் சென்றபோது மாசேதுங்கின் கன்னத்தையும் இவர் இப்படித்தான் தட்டினாராம்! ஸ்டாலின் ஆட்சியில் மாண்ட இலட்சக்கணக்கானவர்களை நினைக்கும்போது, கன்னத்தைத் தட்டியதைப் பெரிய சாதனையாகக் கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அசோகன் கதையை அவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் கன்னத்தைத் தட்டினார் என்பதையும் மறக்கலாகாது.

இனி நாம் முதலில் குறிப்பிட்ட நம் சமுதாயத்துப் பெருமகனுக்கு வருவோம். அவர்தாம் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் ஸாஹிப் அவர்கள்.

அவர் 1897 பிப்ரவரி 8-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். பூர்வீகம் உத்தரப் பிரதேசத்துக் காயம்கஞ்ச். சிறு வயதிலேயே தந்தையையும், பிளேக் நோயில் தாயையும் இழந்தவர். அலிகாரில் படிக்கும்போது ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டு வெளியேறி, 1920 அக்டோபரில் ஜாமிஆ மில்லியாவைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவரானார். ஜெர்மனிக்குச் சென்று பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்று 1926-ல் திரும்பினார். மூடப்படும் நிலையில் இருந்த ஜாமிஆவை 22 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்து காப்பாற்றினார். அவரும் தோழர்களும் மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவதில்லை, இருபது ஆண்டுகள் உழைப்பது என்று உறுதி எடுத்துக் கொண்டவர்கள். 1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா மேடையில் ஜனாப் ஜின்னாவையும், நேருவையும், மௌலானா ஆசாத்தையும், லியாகத் அலி கானையும் ஒன்றாக உட்கார வைத்துக் காட்டினார். தேசத்தில் கலவரத் தீ எரிந்து கொண்டிருந்த வேளை அது.

அந்தத் தீ அவரையும் விடவில்லை. 1947 ஆகஸ்டில் உடல்நலத்துக்காகக் காஷ்மீர் செல்லும் வழியில், ஜலந்தர் ரயில் நிலையத்தில் அவரைக் கொல்ல ஒரு கும்பல் சூழ்ந்தது. ஒரு சீக்கியப் படை அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் அவரைக் காப்பாற்றினார்கள். அந்த அனுபவத்தைச் சுமந்து கொண்டு, மறு ஆண்டே அலிகார் முஸ்லிம் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். பிரிவினைக்குப் பின் ஆசிரியரும் மாணவரும் பலர் பாகிஸ்தான் சென்று விட்டார்கள். எஞ்சியிருந்தோரைத் தேசம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

இந்தச் சமயத்தில்தான், 1948 நவம்பரில், சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக் கழகக் கல்விக் கமிஷன் அமைக்கப்பட்டது. தலைவர் ராதாகிருஷ்ணன். அவரோடு சேர்த்துப் பத்து உறுப்பினர்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டு ஏ. லட்சுமணசாமி முதலியாரும், விஞ்ஞானி மேகநாத் சாகாவும், இங்கிலாந்து அமெரிக்க நாட்டு அறிஞர்கள் மூவரும் இருந்தார்கள். ஜாகிர் ஹுசைன் ஸாஹிபும் ஓர் உறுப்பினர். காசி இந்துப் பல்கலைக் கழகத்தை 1939 முதல் 1948 வரை நடத்தியவரும், அலிகார் முஸ்லிம் பல்கலைக் கழகத்தை ஏற்றவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பிரிவினை நடந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன!

அந்தக் கமிஷன் தேசம் முழுவதும் சுற்றி 1949 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. இவ்விருவருக்கும் தனிப்பட்ட முறையில் என்னென்ன பேச்சு நடந்தது என்பதை நாம் கற்பனை செய்து எழுத விரும்பவில்லை. அறிக்கையே பேசுகிறது. மதக் கல்வியைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. மதத்தைக் கல்லூரியிலிருந்து துரத்திவிடு என்றும் அது சொல்லவில்லை, ஒரு மதத்தை எல்லோர் மீதும் சுமத்து என்றும் சொல்லவில்லை. நாளின் தொடக்கத்தில் சில நிமிஷம் மௌனமாயிருக்க வேண்டும். முதலாண்டு மாணவர்கள் உலகத்துச் சமயப் பெரியோர்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அந்த வரிசையில் புத்தர், ஏசுநாதர், சங்கரர், ராமானுஜர், குருநானக் முதலியவர்களோடு நம் பெருமானார் (ஸல்) அவர்களின் திருப்பெயரும் இருக்கிறது. அடுத்த ஆண்டு வேத நூல்களிலிருந்து பகுதிகள், அதற்கடுத்த ஆண்டு சமயத் தத்துவத்தின் கேள்விகள். இந்தச் சிபாரிசு நாடெங்கும் நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். எல்லா மதமும் ஒன்றே என்ற போக்கில் சமயங்களை ஒரே வரிசையில் வைப்பது நம்மில் பலருக்கு உடன்பாடாகாது என்பதும் நாம் அறிந்ததே. காயம்பட்ட ஒரு தேசத்தில், வேறுபட்ட நம்பிக்கை உடையவர்கள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்து முடித்தார்கள் என்பதைத்தான் இங்கே சுட்டிக் காட்டுகிறோம். சேர்ந்து சுமந்த சுமையே பல நேசங்களுக்கு அஸ்திவாரம். பள்ளிவாசல் கட்டட வேலையில் ஒன்றாகக் கல் சுமந்தவர்கள், வெள்ளத்தில் ஒன்றாகப் படகு தள்ளியவர்கள் இதை அறிவார்கள்.

1952-ல் ராதாகிருஷ்ணன் உப ஜனாதிபதியாகி ராஜ்ய சபைக்குத் தலைமை வகித்தார். அதே ஆண்டு நியமன உறுப்பினராக அந்தச் சபைக்கு வந்தவர் ஜாகிர் ஹுசைன் ஸாஹிப். சபையில் சண்டை மூளும்போது இவர் ஒரு சுலோகத்தையோ வேடிக்கையான ஒரு சொல்லையோ எடுத்து விட்டுச் சூட்டைத் தணிப்பார். சபைக் கூட்டத்தைக் குடும்பக் கூட்டம் போல ஆக்கி விட்டார் என்று நேருவே பாராட்டினார். ஸாஹிப் அவர்கள் பிறகு பீகார் கவர்னராகப் போனார்.

1962 மே 13-ம் தேதி ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியானார். அதே நாளில் உப ஜனாதிபதியாகப் பதவி ஏற்றவர் ஜாகிர் ஹுசைன் ஸாஹிப். அடுத்த ஐந்து ஆண்டுகள் எப்படிப்பட்டவை! 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு. 1964 மே மாதம் நேரு மறைவு. 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் யுத்தம். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரியின் மறைவு. யுத்த நாட்களில் நம் சமுதாயத்தார் ஒவ்வொருவரும் தம் தேசப் பற்றுக்குச் சாட்சி காட்ட வேண்டியிருந்தது. அந்நாட்களில் தேசத்தின் இரண்டாவது பதவியில் ஒரு முஸ்லிம் அமர்ந்திருந்தார். 1963-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. வழங்கிய ஜனாதிபதி இவர்.

நேசத்தின் சோதனை 1967-ல் வந்தது. ராதாகிருஷ்ணனே மறுமுறையும் ஜனாதிபதியாக வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் காமராஜர் விரும்பினார். பிரதமர் இந்திரா காந்தி ஜாகிர் ஹுசைன் ஸாஹிபை நிறுத்த விரும்பினார். ஒரு முஸ்லிம் ஜனாதிபதியாகலாமா என்ற பேச்சும் தேசத்தில் எழாமல் இல்லை. கட்சித் தலைவர்கள் இருவரின் பெயர்களையும் தராசுத் தட்டில் வைத்து நிறுத்துக் கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் எத்தனை நட்புகள் கசந்து போகின்றன என்பதை ஜமாஅத் தேர்தல் நடந்த எந்த ஊரிலும் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். ராதாகிருஷ்ணன் போட்டியில் இறங்கவில்லை, ஒதுங்கிக் கொண்டார். எதிர்த்து நின்றவர், நீதிபதிப் பதவியை விட்டு வந்த சுப்பாராவ். ஜாகிர் ஹுசைன் ஸாஹிப் 4,71,244 வாக்கு மதிப்புப் பெற்றார். சுப்பாராவுக்குக் கிடைத்தது 3,63,971. 1967 மே 13-ல் ஒருவர் இறங்கிய நாற்காலியில் மற்றவர் அமர்ந்தார். இந்தக் குடியரசின் முதல் முஸ்லிம் ஜனாதிபதி அவர்.

ராதாகிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பி, எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் இருந்த கிரிஜா என்னும் தம் இல்லத்தில் தங்கினார். அந்தச் சாலைக்கு இப்போது அவர் பெயர்தான் வழங்குகிறது. உடல் நலிந்து, பிற்காலத்தில் அவர் வெளியே போவதும் பேசுவதும் குறைந்து விட்டன. தம்மைவிட எட்டு வயதுக்கு மேல் இளையவரான ஸாஹிப் அவர்கள் முந்திக் கொண்டார்கள். 1969 மே 3-ல் ராஷ்டிரபதி பவனிலேயே அன்னார் காலமானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பதவியில் இருக்கும்போதே மறைந்த முதல் ஜனாதிபதி அவர். சக்கரவர்த்திகள் உறங்கும் டில்லி நகரில் அவருக்கு இடம் கிடைத்தது ஜாமிஆ மில்லியாவின் வளாகத்திலேதான். 150 ரூபாய்க்குள் வாழ்வதாக வாக்குக் கொடுத்து இளமையில் உழைத்த அந்த மண்ணிலேயே அவர்களை அடக்கம் செய்தார்கள். அங்குள்ள நூலகத்துக்கு அவர்களுடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ராதாகிருஷ்ணன் இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தார். 1975-ல் அவருக்கு டெம்பிள்டன் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்பணத்தை அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்துக்குக் கொடுத்து விட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ல், 86-வது வயதில், சென்னையில் அவர் காலமானார்.